கை காட்டும் படம்

"பெத்த பொண்ணு கையில எத்தனை விரல்னுகூடப் பார்க்காம கொண்டுவந்து கொடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று அலுத்துக்கொண்டே, திரையை முதலாளியம்மா பக்கம் திருப்பினான் பூதக்கண்ணாடி.

அந்த டிசைன் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்து ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. ஓர் எழுத்து இம்மி நகர்ந்திருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது.

முன்பெல்லாம் வெற்றுத் தாளில் தொடங்கி எல்லாம் அவனே வரைவான். இப்போது வருகிறவர்கள் வீட்டிலேயே ஏஐயிடம் சொல்லிப் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இவனுக்கு மிஞ்சுவது பிசிறு வெட்டுகிற வேலைதான். நாற்காலிக்குக் கூடுதலாக முளைத்த காலை எடுப்பான், கோணிய எழுத்தை நிமிர்த்துவான். படத்தில் ஆள் இருந்தால் முதல் காரியமாக விரல்களை எண்ணிவிடுவான்.

அதற்கு ஓர் ஆள் தேவையா என்று முதலாளியம்மா யோசிக்கத் தொடங்கியிருந்தாள். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அவனுக்குத் தெரிந்தது. மெஷினுக்குத் தெரியாதது மனுஷக் கண்ணுக்குத் தெரியும் என்று ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும் என்று காத்திருந்தான்.

அப்போதுதான் இந்தப் படம் வந்து வாகாக மாட்டியது.

கொண்டுவந்த பெண்மணியின் மகள் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாளாம். ஒவ்வொரு பிள்ளையும் தன்னைப் பற்றி ஒரு போஸ்டர் செய்து வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். படத்தில் ஒரு சிறுமி வலது கையை உயர்த்திக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதையும் மாத்த வேண்டாம் சார். அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தா போதும்" என்று அந்தப் பெண்மணி திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனாள். சரியான அவசரக்காரி என்று இவன் நினைத்துக்கொண்டான்.

அவள் தலை மறைந்ததும் எண்ணினான். அந்தக் கையில் ஆறு விரல்.

முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். இதை அப்படியே ஒட்டியிருந்தால் வகுப்பே அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்திருக்குமே என்று பதறிப்போனாள்.

"அதான் சொல்றேம்மா. மெஷின் என்ன வேணாலும் வரையும். பார்த்துச் சரி பண்ண ஆள் வேணும்."

சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு உட்கார்ந்தான். கூடுதல் விரலை எடுத்து, மற்ற விரல்களை நெருக்கி, தோலின் நிறத்தைச் சேர்த்து, எடுத்த அடையாளமே தெரியாமல் செய்து முடித்தான். "உன்னை விட்டா எனக்கு யாருப்பா இருக்கா" என்றாள் முதலாளியம்மா. அவனுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

சாயங்காலம் அந்தப் பெண்மணி மகளோடு வந்தாள். சிறுமி படத்தில் இருந்தபடியேதான் இருந்தாள், சிரிப்பை மட்டும் காணோம். வலது கையைக் கவுன் பைக்குள் விட்டிருந்தாள்.

பூதக்கண்ணாடி போஸ்டரை மேசையில் விரித்தான். மெஷின் செய்திருந்த தப்பையும், அவர்கள் கவனிக்காமல் விட்டதையும், நல்லவேளையாகத் தன் கண்ணில் பட்டதையும் வரிசையாகச் சொன்னான். நன்றியை எதிர்பார்த்து நிமிர்ந்தான்.

பெண்மணி போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிறுமிதான் கேட்டாள்.

"இவங்களும் எடுத்துட்டாங்களாம்மா?"

பைக்குள் இருந்த கை இன்னும் ஆழமாகப் போனது.

"இவ போட்டோவைத்தான் சார் அதுகிட்ட கொடுத்தேன்" என்றாள் பெண்மணி. குரலில் கோபமே இல்லை. "ஒவ்வொரு தடவையும் அஞ்சு விரலா மாத்தி மாத்திக் கொடுத்துச்சு. விடாம கேட்டு நேத்துதான் ஆறு வந்துச்சு. அதைப் பார்த்த பிறகுதான், சரிம்மா, இதை ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொன்னா."

பூதக்கண்ணாடிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மெஷினை மிஞ்சிக் காட்டக் கிளம்பியவன், மெஷின் செய்ததையே செய்து வைத்திருந்தான். முதலாளியம்மாவும் தலைகுனிந்துகொண்டாள்.

நல்லவேளை, பழைய படத்தை அவன் அழிக்கவில்லை. அதை அச்சுக்கு அனுப்பப் போனவன், என்ன நினைத்தானோ, எழுந்து வந்து சிறுமியின் முன்னால் மண்டியிட்டான்.

"தப்பு என்னுதுதான் கண்ணு. அந்தப் படத்துல இருந்தது உன் விரல் மாதிரியே இருந்துச்சா?"

சிறுமி அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டி மறுத்தாள். "அதுல நடுவுல இருந்துச்சு. என்னுது சுண்டு விரலுக்குப் பக்கத்துல இருக்கும். ரொம்பக் குட்டி."

"எனக்கு அதைப் பார்க்காம வரைய வராதே. காட்டுறியா?"

யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கை வெளியே வந்து மேசைமேல் அமர்ந்தது.

ரொம்ப நாளைக்கப்புறம் பூதக்கண்ணாடி ஒரு கையைப் பார்த்து வரைந்தான். "நகமும் இருக்கு, போடுங்க" என்றாள் சிறுமி. போட்டான். "இன்னும் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்" என்றாள். வளைத்தான்.

புதுப் போஸ்டர் அச்சாகி வந்ததும், பழக்கதோஷம், அவன் விரல் தானாகப் படத்தின் கைமேல் போய் எண்ணத் தொடங்கியது.

"எல்லாம் சரியா இருக்காப்பா?" என்று கேட்டாள் முதலாளியம்மா.

அவன் வாயைத் திறப்பதற்குள், சிறுமி தன் வலது கையைப் போஸ்டருக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்தாள்.

"நீங்களே எண்ணிப் பாருங்க ஆன்ட்டி."