காரணமும் காரியமும்

அர்ச்சனைத் தட்டோடு வெளிக்கிட்ட மனைவி சிவநேசத்தைப் பார்த்து அருளம்பலம் சிரித்தார்.

"பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவக்காரர் மதத்தைப் பகுத்தறிவாலை உரசிப் பாத்ததைப் பற்றித்தான் மகளின்ரை ஆய்வு. நேர்த்திக்கடனுக்கும் பலனுக்கும் ஒரு தொடர்பும் இல்லையெண்டு முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறாள். இண்டைக்கு அதுக்கு இரண்டாந்தரம் வாய்மொழிப் பரீட்சை. அது வெல்ல நீர் அர்ச்சனையோ?"

"அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

கைப்பேசி அடித்தது. பல்கலைக்கழகத்திலிருந்து மகள் துளசிகா.

"அம்மா, கோயிலுக்கு வெளிக்கிட்டாச்சோ?"

சிவநேசம் திகைத்துப்போனாள். "ஓ... ஓம் பிள்ளை."

"ஐயரிட்டை என்ரை நட்சத்திரத்தைச் சரியாச் சொல்லுங்கோ, உத்தரட்டாதி. போனமுறை அர்ச்சனைத் துண்டிலை பூரட்டாதி எண்டு கிடந்தது. அதாலைதான் நான் பெயில்!"