கரையில் கல்லெறிந்தவர்

"இன்னொரு கல்லு எறிஞ்சே, அந்தக் கையை முறிச்சு உன் சட்டைப்பையிலயே சொருகிடுவேன்!"

லவோன் அக்கா சொன்னால் செய்யக்கூடியவர். ஃபார்கோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். அவருடைய லாப்ரடார் கஸ், வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு அவர் பின்னால் நின்றது.

ஏரிக்கரையில் நின்ற வெர்லின் பெரியவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. குனிந்து இன்னொரு கூழாங்கல்லை எடுத்தார். தண்ணீரைப் பார்த்து ஓடிவந்த ஒரு குட்டிநாய்க்கு முன்னால் மண்ணில் விட்டெறிந்தார். அது வீல் என்று கத்திக்கொண்டு கூடாரங்கள் பக்கம் ஓடியது.

"நாயைக் கட்டி வைங்க!" என்றார். காலையிலிருந்து அந்த மனிதர் பேசியது அது ஒன்றுதான்.

லவோன் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ரைலன், நாயோட வாங்கன்னுதானே கூப்பிட்டீங்க? இந்த ஏரி என்ன இவரோட அப்பன் வெட்டினதா?"

"நான் பேசறேன்கா."

"பேசாதே. துரத்து!"

ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குகிற இந்த முகாம் டுவேன் மாமாவுடையது. எனக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். இந்தக் கோடைக்கு முகாம் என் பொறுப்பு. வார இறுதிக்கு டகோட்டாவின் நாய்க்காரர்கள் பாதிப்பேர் எங்கள் புல்வெளியில்தான் கூடாரம் அடித்திருந்தார்கள். ஏரியில் மனிதர்கள் இறங்குவதில்லை, அட்டை கடிக்கும். நாய்களுக்குத்தான் அது சொர்க்கம்.

போன் அடித்தது. மாமா.

"அந்தக் கிழவன் இன்னும் அங்கதான் நிக்கிறானா? ஆபீஸ்ல ஆறு பேர் வந்து கத்திட்டுப் போறாங்க. வண்டில ஏத்தி அனுப்பு."

"வருசா வருசம் வர்றவராச்சே மாமா."

"அடுத்த வருசம் வர வேண்டாம்னும் சேத்துச் சொல்லிடு."

எனக்கும் எரிச்சல்தான். கழிவறை கழுவுவதை விட்டுவிட்டு இந்தப் பஞ்சாயத்து வேறு. நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"பெரியவரே, உங்களுக்கு நாய் பிடிக்கலன்னா நாய்க்காரங்க நடுவுல வந்து ஏன் தங்கணும்?"

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை.

"மூணு நாளா என்ன காத்து அடிக்குது, ரைலன்?"

"தெக்கத்திக் காத்து. இப்ப அதுவா முக்கியம்? கிளம்புங்க. மாமா சொல்லிட்டார்."

"கிளம்பத்தான் வேணும். ஆனா நான் போனா இங்க யாரு நிப்பா? நீ நிப்பியா?"

"எதுக்கு நிக்கணும்?"

வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அருகில் நின்ற தன் பிக்கப் வண்டியைக் கையால் காட்டினார்.

"பின்னால தார்ப்பாய் இருக்கு. தூக்கிப் பாரு."

போய்த் தூக்கினேன். பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே டிக்ஸி கிடந்தது. அவருடைய மாடு மேய்க்கிற நாய். போன கோடையில் என் செருப்பைத் தின்ற கழுதை அது. கால்கள் விறைத்திருந்தன. வாயோரம் பச்சை காய்ந்து ஒட்டியிருந்தது.

அப்புறம்தான் ஏரியைச் சரியாகப் பார்த்தேன். காற்று பாசியை மொத்தமாக எங்கள் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்திருந்தது. பெயின்ட் கொட்டின மாதிரி ஒரு பச்சை. எங்கள் பக்கம் மாடு வளர்க்கிறவர்கள் யாரையும் கேளுங்கள், அந்தப் பச்சைப் பாசி விஷம், குடித்த மாடு மிஞ்சாது என்று சொல்வார்கள்.

"எப்ப?"

"நேத்து சாயங்காலம். ரெண்டு வாய்தான் குடிச்சா."

"இதை அப்பவே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாம்ல! ஊரே உங்களைத் திட்டுது!"

"உன் மாமாகிட்டச் சொன்னேன். 'நீங்க வாயைத் திறந்தா கூட்டம் மிரண்டுடும், விடிஞ்சதும் நானே எல்லாருக்கும் சொல்லிடறேன்'னாரு. வாயைத் திறக்க மாட்டேன்னு கையைக் குலுக்கிட்டேன்."

எங்கள் ஊரில் கை குலுக்கிவிட்டால் அது சத்தியம் செய்த மாதிரி. நிலமே அப்படித்தான் கைமாறும். அந்தத் தலைமுறை ஆட்களைத் திருத்தவே முடியாது.

"விடிஞ்சு எவ்வளவோ நேரமாச்சு" என்றேன்.

"ஆமா. அவர் சொல்லல. அதான் நிக்கிறேன்." கையிலிருந்த கூழாங்கல்லை உருட்டிக்கொண்டே சொன்னார். "பேச மாட்டேன்னுதான் கை குலுக்கினேன். கல்லு எறிய மாட்டேன்னு குலுக்கலையே."

மாமாவுக்குப் போன் போட்டேன்.

"கிளம்பிட்டானா?"

"டிக்ஸி செத்தது உங்களுக்குத் தெரியும்."

மறுமுனையில் ஆபீஸ் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"கிழட்டு நாய்டா அது. எதுல செத்ததோ."

"வாயெல்லாம் பச்சை மாமா."

"இப்பச் சொன்னா ஒருத்தன் மிஞ்ச மாட்டான், தெரியுமா? நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் அவங்களாவே கிளம்பிடுவாங்க. அப்புறம் எச்சரிக்கைப் பலகை நட்டுக்கலாம். நீ சின்னப் பையன், இதுல தலையிடாதே. முதல்ல அவனை அனுப்பு. வாயைத் திறக்காதே. என்ன, சரியா?"

போனில் யாரும் கை குலுக்க முடியாது. அதுவும் நல்லதுதான்.

கஸ் மறுபடியும் மெல்ல மெல்லத் தண்ணீரைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. பெரியவர் குனிந்தார்.

"விடுங்க. நீங்க போய் டிக்ஸியைப் புதைங்க" என்றேன். கஸ்ஸின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, புல்வெளியில் கிடந்த சாப்பாட்டு மேஜை மேல் ஏறி நின்றேன்.

வாயைத் திறக்காதே என்றுதான் மாமா சொன்னார். அக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.