கடைசித் திருகாணி

ஓசூர் ஆலையில், செல்போன், ரேடியோ என வெளி அலை எதுவும் நுழையாமல் கருவிகளைச் சோதிப்பதற்கான இரும்பு அறையைக் கட்டி முடித்திருந்தார்கள். அலைக் கசிவு பார்ப்பதற்காகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இன்னாசியை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள், அறையைப் பூட்டிய ஃபிட்டர்களில் ஒருத்தியான பூங்கோதை.

முப்பது வயது இன்னாசி பிறவியிலேயே பார்வையில்லாதவன். தலைக்குள் பதித்த கருவிதான் காற்றில் திரியும் அலைகளை அவனுக்கு வெளிச்சமாக்கியது. அலை ஓயாத ஊரில் நடுநிசியும் அவனுக்குப் பட்டப்பகல். இமை மூடினாலும் பகல்தான்.

கதவு இறுகியதும் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன தம்பி, பயமா இருக்கா?"

"இல்லக்கா. சுத்தி ஒண்ணுமே இல்ல, ஒரே கறுப்பு. அதுல புள்ளி புள்ளியா மின்னுது."

திருகாணிகள் தளர்ந்து அலை கசிந்த இடங்கள் அவை. அவன் விரல் நீட்டிய இடத்திலெல்லாம் டார்ச்சை அடித்து, ஸ்பேனரால் முடுக்கினாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"இன்னும் இருக்கா?"

"மேல ஒண்ணே ஒண்ணு."

அவள் ஏணியில் ஏறினாள். அவன் அண்ணாந்தபடியே நின்றான்.

"நட்சத்திரம்னு சொல்வீங்களே, அது இப்படித்தான் இருக்குமாக்கா?"

பூங்கோதை ஸ்பேனரை இடுப்பில் செருகினாள். டார்ச்சை அணைத்துவிட்டு, தனக்குத் தெரியாத அந்தப் புள்ளியை நோக்கி அவளும் அண்ணாந்தாள்.