வேற இடம் பாரு

"உங்களுக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

பெண்கள் காப்பகத்தின் வாசல் அறையில் நின்று கத்தினாள் டெனிஸ். புருஷன் அடித்த அடியில் அவள் தங்கை ட்ரேசியை விமானத்தில் அடிலெய்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். இப்போது மெஷின்தான் அவளுக்கு மூச்சு விடுகிறது.

"என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு உங்க வெப்சைட்ல எழுதிக் கெஞ்சியிருக்கா!"

"சத்தியமா எங்களுக்கு எதுவும் வரலைம்மா" என்றார் பொறுப்பாளர் ரேலீன். "கோரி, நீ கொஞ்சம் பாருப்பா."

கோரிதான் அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்தவன். சல்லிக்காசு வாங்கவில்லை. நல்ல மனசுக்காரன்தான். குப்பை விளம்பரம் அனுப்பும் ரோபோக்களைத் தடுக்க, 'டிராஃபிக் லைட் உள்ள படத்தைத் தொடு' என்று எல்லாரும் வைக்கிற சோதனையை அவன் வைக்கவில்லை. உயிர் பயத்தில் வருகிறவளை அப்படிப் பாடாய்ப் படுத்துவானேன்?

அதற்குப் பதில் வேறு பொறி வைத்தான். பக்கத்தைத் திறந்ததுமே முழுக் கடிதமும் வந்து விழுந்தால் அது ரோபோ, தள்ளிவிடு. எந்த மனுஷரால் அத்தனை வேகமாக எழுத முடியும்?

"ஒண்ணுமே வரலை. என் வெப்சைட் ஒழுங்காத்தான் ஓடுது" என்றான் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, எரிச்சலோடு. "எழுதவே பயந்திருப்பாங்க. உங்ககிட்ட சும்மா எழுதினதா சொல்லியிருப்பாங்க."

டெனிஸ் அவன் பக்கம் திரும்பினாள்.

"பயந்தவதாம்ப்பா! அவன் கண்ணுல படாம அப்பப்ப ரெண்டு வரி எழுதி போன்ல சேத்து வெச்சா. அவன் யூட் வண்டியைக் கழுவப் போன நேரம் பாத்து உங்க பக்கத்தைத் திறந்து, அதை அப்படியே ஒட்டி, டக்குனு அனுப்பிட்டா."

"ஒட்டியா அனுப்பினாங்க?" என்றான் கோரி.

"பதில் வரலைன்னா திரும்ப எழுதியிருக்கலாமேம்மா" என்றார் ரேலீன் மெதுவாக.

"பதிலா? அதான் உடனே வந்துச்சே! அதைப் படிச்சுட்டுத்தான், இனி நமக்கு நாதியில்லைன்னு அவன்கிட்டயே கிடந்துட்டா. அவ போன்லயே படம் பிடிச்சு வெச்சிருக்கா, பாருங்க!"

ரேலீன் போனை வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'உன் வேஷமெல்லாம் எங்களுக்குத் தெரியும். போய் வேற இடம் பாரு!'"

"கடவுளே! நம்மள்ல எந்தப் பாவி இப்படி எழுதினது?"

கோரி தலையைக் குனிந்துகொண்டான். பொறியில் சிக்குகிற ரோபோவுக்குப் பதிலாகப் போக, ரோபோவா படிக்கப் போகிறது என்று சிரித்துக்கொண்டே அவன் எழுதி வைத்த வரி அது.