ட்ராயின் கிளாஸ்

திருகாணி சுழன்றது.

சுழலக் கூடாது. செயற்கைப் பல் பொருத்துவதற்காக வைத்தது, நாலு மாதமாகத் தாடைக்குள் இருக்கிறது. இதற்குள் எலும்பு வளர்ந்து அதை இறுகப் பிடித்திருக்க வேண்டும். பல் டாக்டர் சின்னச் சாவியை வைத்து லேசாகத்தான் திருப்பினார். சேற்றில் நட்ட குச்சி மாதிரி சுற்றிக்கொண்டே போனது.

"எலும்பு பிடிக்கல, நெவில். எடுத்துடணும்," என்றார். வாயிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார். "குடிக்கிறதை நிறுத்தினீங்களா, இல்லையா? நிறையக் குடிச்சா எலும்பு சேராதுன்னு அன்னைக்கே சொன்னேனே."

"என் கிளாஸ்ல ஒரு சொட்டு பீர் ஊத்தல," என்றான் என் கணவன்.

நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பல் போனதற்கு நான் அழுததில்லை. இறால் வலையின் கொக்கி வாயில் அடித்தால் முன்பல் போகத்தான் செய்யும். இந்தத் துறைமுகத்தில் பாதி ஆண்பிள்ளைகள் பொக்கை வாயர்கள்தான். ஆனால் எங்கள் மகன் ட்ராயைக் கடல் கொண்டுபோன பிறகு நெவில் குடித்த குடி இருக்கிறதே! அடிலெய்டில் தங்கை வீட்டுக்கே போய்விடலாம் என்று பெட்டி கட்டிவிட்டேன்.

அப்போதுதான் சொன்னான், பல் வைத்துக்கொள்கிறேன், குடியை விடுகிறேன் என்று. ட்ராய் மேல் சத்தியம் செய்தான். நான் பெட்டியைப் பிரித்தேன்.

பப்புக்குப் போவதை மட்டும் விடவில்லை. படகுக்காரர்கள் வேறெங்கே கூடுவார்கள்? ஆளுக்கொரு சுற்று, முறை வந்தவன் எல்லோருக்கும் வாங்க வேண்டும். வாங்காதவன் மனுஷனே இல்லை.

பாரில் ஊற்றிக் கொடுக்கும் ஷெரிலிடம் விசாரித்தேன். "உன் ஆளுக்கு எலுமிச்சை சோடாதான். கன்னியாஸ்திரி மாதிரி உக்காந்திருக்கான்," என்று சிரித்தாள்.

சட்டையில் பீர் வாசம் அடித்தது. பப்பில் உட்கார்ந்து வந்தவன் சட்டை ரோஜாவாகவா மணக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு நம்ப வேண்டியிருந்தது.

"பொய் சொல்லாதே, நெவில்," என்றேன் இப்போது. "ட்ராய் மேல சத்தியம் பண்ணினே."

அவன் என்னைப் பார்க்கவில்லை. மரத்துப்போன உதட்டோடு குழறினான்.

"என் கிளாஸ்ல சோடாதான். ஆனா பசங்க ட்ராயை இன்னும் கணக்குல இருந்து எடுக்கல. ஒவ்வொரு சுத்துலயும் அவனுக்கும் ஒண்ணு வாங்கி, அவன் ஸ்டூல் முன்னாடி வைக்கிறானுங்க. நுரை அடங்கி அது சும்மா நிக்கிறதப் பாக்க முடியல. கீழ ஊத்தவா சொல்றே? என் புள்ளையோட கிளாஸை?"

டாக்டர் சாவியைத் தட்டில் வைத்தார்.

ஷெரில் சொன்னது பொய்யில்லை. நெவில் சொன்னதும் பொய்யில்லை. ஊரே என் மகனுக்குப் பாசமாக ஊற்றி வைத்திருக்கிறது. அதை இந்த மனுஷன் ஒரு கிளாஸ் விடாமல் குடித்திருக்கிறான். கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வந்தது அழுகைதான்.

எழுந்துபோய் அவன் தோளில் கை வைத்தேன்.

"ட்ராய் எப்பவும் ரெண்டோட நிறுத்திடுவான், நெவில்," என்றேன். "வண்டியை ஓட்டி உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்ல."

நெவில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

வலிக்கிறது போலிருக்கிறது என்று டாக்டர் இன்னொரு மரப்பு ஊசி எடுக்கப் போனார்.