சம்பந்தி கொடுத்த லேசர்

பேத்தி கண் ஆஸ்பத்திரி மெஷினில் தாடையை வைத்திருக்கிறாள். சொட்டு மருந்து விட்ட கண்கள் அகல விரிந்திருக்கின்றன. பச்சை வெளிச்சம் ஒரு கோடாக அவள் முகத்தில் இறங்குகிறது. கை மட்டும் சம்பந்தியின் சுண்டுவிரலைப் பிடித்திருக்கிறது. அவளுக்கு விளையாட லேசர் விளக்கை வாங்கிக் கொடுத்த மகராசன் அவர்தான். வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று இவள் அதன் வாய்க்குள்ளேயே எட்டிப் பார்த்திருக்கிறாள். நான் வாங்கித் தந்த கலர் பென்சில்கள் இன்னும் பெட்டிகூடப் பிரிக்காமல் கிடக்கின்றன. திரையில் விழித்திரை அடுக்கடுக்காகத் தெரிகிறது. நடுவில் கரையான் அரித்த மாதிரி ஓர் ஓட்டை. இந்த மெஷின்களை நான் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் ஓட்டை ஓட்டைதான்.

“பார்வை திரும்புமாங்க?” என்று கேட்கிறேன்.

“மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்தாத்தான் சொல்ல முடியும்,” என்கிறார் டாக்டர். “சின்னப் பொண்ணு கையில லேசரை எந்தப் புத்திசாலி குடுத்தது?”

பேத்தி தலையை எடுத்து என்னைக் காட்டுகிறாள். “இந்தத் தாத்தா.”

அவருக்காகப் பொய்கூடச் சொல்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. சம்பந்தி, “இல்லைங்க, அது வந்து...” என்று எழுந்திருக்கிறார். உண்மையைச் சொல்லிவிட்டால் மனுஷன் அவளிடம் இன்னும் நல்லவராகிவிடுவார்.

“நீங்க உக்காருங்க சம்பந்தி,” என்று அதட்டிவிட்டு டாக்டரிடம் திரும்புகிறேன். “நான்தாங்க குடுத்தேன். நல்லாத் திட்டுங்க.”