கார்த்திகை இன்னும் மிச்சம்

ஐப்பசியில் வருவதாக இருந்த புயல் திசை மாறி எங்கோ போய்விட்டது. மறுநாள் வெயில் அடித்ததும், புயலுக்காகப் பனைமரப் பொந்தில் போட்டு வைத்திருந்த தேங்காய் நார் முழுவதையும் அணில் இழுத்து வந்து, முருங்கை மரத்துக் கூட்டில் மெத்தை போட்டுக்கொண்டது.

கீழே மேட்டில் குடியிருந்த எலி மட்டும் வளைக்குள் நெல் சேர்ப்பதை நிறுத்தவில்லை.

"எலியக்கா, புயல்தான் போயிடுச்சே. இன்னும் எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டது அணில்.

"கார்த்திகை இன்னும் மிச்சம் இருக்கு, தம்பி. முருங்கைக் கிளையை நம்பாதே. அந்த நாரெல்லாம் பொந்துலயே இருக்கட்டும்."

"தேவைப்பட்டா அரை நாள்ல திரும்பத் தூக்கிட்டுப் போயிடுவேன், அக்கா."

கார்த்திகைக் கடைசியில் இரவெல்லாம் மழை கொட்டி, காலையில் காற்று சுழன்றடித்தது. அணிலுக்கு அரை நாள் கிடைக்கவில்லை. நாரைக் கவ்விக்கொண்டு கிளம்பும்போதே கிளை முறிந்து, அணில் கீழே தேங்கியிருந்த மழை வெள்ளத்தில் விழுந்தது. தட்டுத்தடுமாறி நீந்தி, மேட்டில் ஏறி, எலி வளைக்குள் தலையை நுழைத்தது.

எலி நெல்லை ஓரமாக ஒதுக்கி இடம் கொடுத்தது. "வாலையும் உள்ளே இழுத்துக்கோ. வாசலை அடைக்கணும்," என்றது.

இரண்டு நாள் இருவரும் அந்த நெல்லைத் தின்று கிடந்தார்கள். மூன்றாம் நாள் காற்று ஓய்ந்தது. வெளியே கூட்டை இழந்த மைனா ஒன்று நனைந்துபோய் உட்கார்ந்திருந்தது.

அணில் அதன் அருகில் போய் அனுதாபத்தோடு சொன்னது: "மழைக்காலத்தை லேசா நினைக்கக் கூடாது, தங்கச்சி. நாங்கல்லாம் முன்னாடியே தயாரா இருந்தோம்."

வளைக்குள்ளிருந்து எலி லேசாகச் செருமியது.